இடிந்து விழும் நிலையில் ஒரு கட்டடம்: புகார் கொடுப்பதிலிருந்து இடித்து முடிப்பது வரை

2021 டிசம்பர் 27, திங்கட்கிழமை. சென்னை திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. 24 வீடுகள் போயின. ஒரு உயிர்கூடப் போகவில்லை. விரிசல் பெரிதாவதைப் பார்த்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லி, எல்லோரும் முன்பே வெளியே வந்துவிட்டார்கள்.

அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னால், 2013 செப்டம்பர் 27 அன்று மும்பை டாக்யார்டு ரோடு அருகே விழுந்த கட்டடத்தில் 61 பேர் இறந்தார்கள். அது மும்பை மாநகராட்சிக்கே சொந்தமான கட்டடம். மாநகராட்சி ஊழியர்களின் குடும்பங்கள் அதில் குடியிருந்தன.

பெரும்பாலான பழைய கட்டடங்கள் விழுவதற்கு முன் ஏதாவது ஒரு விதத்தில் எச்சரிக்கத்தான் செய்கின்றன. விரிசல் தெரிந்தும், சில இடங்களில் நோட்டீஸ் ஒட்டிய பிறகும், மக்கள் உள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு உயிர்மேல் ஆசை இல்லாமல் இல்லை. வெளியே போனால் திரும்பி வர வழி இருக்காது என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாத எந்த நடவடிக்கையும் பாதியில் நின்றுவிடும். அதனால் அலுவலகங்கள் எப்படி இயங்குகின்றன என்பதோடு, குடியிருப்பவர் தன் உரிமையை எப்படி எழுத்தில் பிடித்து வைத்துக்கொள்வது என்பதையும் இங்கே சேர்த்தே எழுதுகிறேன். சட்ட விவரங்கள் தமிழ்நாட்டைப் பற்றியவை. மும்பையில் இந்த நடைமுறை நமக்கு முன்பே நன்றாக வளர்ந்துவிட்டதால், அங்கிருந்தும் சிலவற்றைச் சொல்கிறேன்.

படி 1: கட்டடம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் நிறைய இருக்கிறது. சுவருக்குச் சுவர் மர உத்தரங்களைப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் நிற்கவைத்துப் பதித்த தளம். நல்ல முறைதான், நூறு வருடம் தாண்டியும் நிற்கிறது. ஆனால் உத்தரத்தின் இரண்டு நுனிகளும் சுவருக்குள் புதைந்திருக்கும். மொட்டை மாடியில் தேங்கும் தண்ணீர் அந்த வழியாக இறங்கினால் நுனி உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். கீழேயிருந்து பார்த்தால் தெரியும் நடுப்பகுதி வைரம் பாய்ந்த மரமாகத்தான் இருக்கும். ஆகவே பார்க்க வேண்டிய இடம் நடுவில் இல்லை, சுவரோரம். அங்கே ஈரக்கறை இருந்தாலோ, ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் மரம் உள்வாங்கினாலோ கூரையை நம்பாதீர்கள்.

கான்கிரீட் கட்டடத்தில் நோய் வேறு. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும்போது பல மடங்கு பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பி போகும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல், பழுப்புக் கறை, பிறகு சீலிங்கில் இருந்து பெயர்ந்து விழும் பத்தைகள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் இது இன்னும் சீக்கிரம் வரும். இதன்மேல் சிமென்ட் பூசி வெள்ளையடித்துவிட்டால் வாடகைக்கு வருபவர் கண்ணுக்கு நோய் தெரியாது. அந்தப் பூச்சுக்குள் கம்பி துருப்பிடித்துக்கொண்டேதான் இருக்கும்.

சுவரில் முளைத்த அரசங்கன்றைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மேலே வெட்டினால் போதாது, வேர் சுவருக்குள் இருக்கும். கைப்பிடிச் சுவரும் சன்ஷேடும் தெருவில் போகிறவர் தலையில் விழக்கூடியவை. தனியாக நிற்கும் மதிலும் சட்டத்தின் பார்வையில் கட்டுமானம்தான். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் 17 பேரைக் கொன்றது, மழையில் விழுந்த ஒரு சுற்றுச்சுவர்.

விரிசல் வளர்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று பொருள். வாரம் ஒருமுறை, பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்துப் போட்டோ எடுங்கள். பின்னால் அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ காட்ட இந்தத் தேதி போட்ட படங்கள் பெரிய பலம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சில மணி நேரத்தில் விரிசல் அகலமானால், நேற்றுவரை மூடிய கதவு இன்று இறுகினால், தூணில் இருந்து சடசடவென்று சத்தம் வந்தால், அது புகார் எழுதும் நேரம் இல்லை. எல்லோரும் வெளியே வந்துவிட்டு 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101-ஐ அழையுங்கள். நகை எடுக்க, பத்திரம் எடுக்க என்று யாரும் திரும்பி உள்ளே போக வேண்டாம்.

படி 2: யாருக்கு அதிகாரம்

மாநகராட்சி என்றால் ஆணையர். ஆனால் உங்கள் புகாரை முதலில் கையில் எடுப்பவர் உங்கள் வார்டின் உதவிப் பொறியாளர். அவருக்கு மேல் மண்டலத்தின் செயற்பொறியாளர், மண்டல அலுவலர். சென்னையில் 200 வார்டுகள். நகராட்சியிலும் ஆணையர்தான், பேரூராட்சியில் செயல் அலுவலர். கிராமம் என்றால் ஊராட்சித் தலைவருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

சென்னையில் நீண்ட காலம் இருந்தது 1919-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம். அதன் 258-ஆம் பிரிவு ஆபத்தான கட்டுமானங்களைப் பற்றியது. பழைய நோட்டீஸ்களில் அந்த எண்ணைப் பார்த்திருப்பீர்கள். 2023 ஏப்ரலில் 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்து, பழைய தனித்தனிச் சட்டங்களின் இடத்தை எடுத்துக்கொண்டது. இப்போது வரும் நோட்டீஸில் புதிய சட்டத்தின் பிரிவுதான் இருக்க வேண்டும்.

258 சொன்னது மூன்று விஷயம். கட்டடம் பாழடைந்தோ, வழிப்போக்கருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஆபத்தாகவோ இருந்தால், தடுப்பு அமைக்கவோ, முட்டுக் கொடுக்கவோ, பழுது பார்க்கவோ, இடிக்கவோ உரிமையாளருக்கு அல்லது குடியிருப்பவருக்கு ஆணையர் நோட்டீஸ் தரலாம். உடனடி ஆபத்து என்றால், நோட்டீஸுக்குக் காத்திராமல் ஆணையரே வேலையைச் செய்துவிட்டுச் செலவை வசூலிக்கலாம். உள்ளே இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து என்றால் உடனே காலி செய்ய உத்தரவிடலாம். மறுப்பவரைக் காவல்துறை வெளியேற்றலாம். உள்ளாட்சியின் கையில் உள்ள ஆயுதங்கள் இவைதான். உங்கள் கட்டடத்துக்கு இதில் எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு கேட்டால் பேச்சு நேராகப் போகும்.

படி 3: புகாரை எழுத்தில் கொடுங்கள்

சென்னையில் 1913 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். வெளியூர்களில் முதல்வரின் உதவி மையம் 1100 இருக்கிறது. போனில் சொன்னால் ஒரு புகார் எண் கிடைக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கடிதம் ஒன்றை மண்டல அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதே கடிதத்தை, சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

கடிதம் நீளமாக வேண்டியதில்லை. இந்த அளவு போதும்:

"பொருள்: ... தெரு, கதவு எண் ... கட்டடம் இடிந்து விழும் நிலையில் இருப்பது குறித்து. ஐயா/அம்மா, மேற்படி கட்டடத்தின் முதல் மாடி பால்கனியின் அடியில் கம்பி வெளியே தெரிகிறது. கிழக்குச் சுவரின் விரிசல் ... தேதியில் இருந்து ... தேதிக்குள் ... மில்லிமீட்டரில் இருந்து ... மில்லிமீட்டராக வளர்ந்துள்ளது. படங்கள் இணைப்பில். கட்டடத்தில் ... குடும்பங்கள் வசிக்கின்றன. எதிரே பள்ளி உள்ளது. உடனே நேரில் ஆய்வு செய்து, ஆய்வறிக்கையின் நகலை எனக்கு வழங்குமாறும், அதுவரை நடைபாதையில் தடுப்பு அமைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

கவனியுங்கள், இதில் வீட்டுக்காரர் மீது ஒரு குறையும் இல்லை. அளவும் தேதியும்தான் இருக்கின்றன. வாடகைத் தகராறை இதில் கலந்தால், படிக்கும் அதிகாரி இரண்டு பேர் சண்டை என்று ஒதுக்கி வைத்துவிடுவார்.

படி 4: ஆய்வும் சோதனையும்

முதலில் வருவது கண் பார்வை ஆய்வு. உதவிப் பொறியாளர் சுற்றிப் பார்த்துக் குறிப்பெழுதுவார். சந்தேகமான கட்டடத்துக்கு இது போதாது. கட்டமைப்புப் பொறியாளரின் உறுதித்தன்மை அறிக்கை வேண்டும் என்று கேளுங்கள்.

அந்தச் சோதனைகள் மர்மமானவை இல்லை. ரீபவுண்ட் சுத்தியல் கான்கிரீட்டின் மேற்பரப்பு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று காட்டும். மீயொலி அலையை ஒரு பக்கம் அனுப்பி மறுபக்கம் வாங்கும் சோதனையில், அலை எவ்வளவு வேகமாக வருகிறதோ கான்கிரீட் அவ்வளவு நல்லது. வினாடிக்கு 3 கிலோமீட்டருக்குக் கீழே போனால் சந்தேகம் என்பது பொறியாளர்களின் பழைய அளவுகோல். பினாப்தலின் கரைசலைப் புதிதாக உடைத்த பரப்பில் தெளித்தால், நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி கம்பியைக் காக்கும் காரத்தன்மையை இழந்துவிட்டது. தூணில் இருந்து சின்ன உருளையாக வெட்டியெடுத்து நசுக்கிப் பார்க்கும் சோதனையும் உண்டு. அறிக்கையில் எந்தத் தூண், எத்தனை இடம், என்ன அளவு என்பதெல்லாம் இல்லாமல் "கட்டடம் பலவீனமாக உள்ளது" என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் அதை ஏற்காதீர்கள்.

மும்பையில் எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடு இருக்கிறது. கட்டடங்களை அங்கே வகைப்படுத்துகிறார்கள். சி1 என்றால் உடனே காலி செய்து இடிக்க வேண்டும். சி2ஏ என்றால் ஒரு பகுதியைக் காலி செய்து பெரிய பழுது பார்க்க வேண்டும். சி2பி என்றால் ஆட்கள் இருக்கும்போதே கட்டமைப்பைச் சரிசெய்யலாம். சி3 என்றால் சிறு பழுது. வீட்டுக்காரரின் பொறியாளர் ஒன்றும் குடியிருப்பவர்களின் பொறியாளர் வேறொன்றும் சொன்னால், மாநகராட்சியின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு முடிவு செய்யும். நம் ஊரில் அறிக்கை வாங்கும்போதும் பொறியாளரிடம் இந்தக் கேள்வியை நேராகக் கேளுங்கள்: முழுதாக இடிக்க வேண்டுமா, ஒரு பகுதியை மட்டுமா, முட்டுக் கொடுத்தால் எத்தனை நாள் தாங்கும்? "பழையது, ஆகவே இடிக்கலாம்" என்பது பொறியியல் முடிவு ஆகாது.

பழமை என்பதே ஆபத்துக்கு அடையாளம் இல்லை. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 61 பேரைக் கொன்ற 11 மாடிக் கட்டடம் கட்டி முடிக்கப்படாத புதுக் கட்டடம். மறுபக்கம், அண்ணா சாலையில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரிய ஆர்வலர்கள் நீதிமன்றம் போய் நிறுத்தினார்கள். பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால், இடிப்புக்கு முன் அதற்கான குழுவின் கருத்து வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

படி 5: நோட்டீஸைப் படிப்பது

நோட்டீஸில் சட்டப்பிரிவு, கட்டடத்தின் சரியான அடையாளம், என்ன குறை, என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பவை இருக்கின்றனவா பாருங்கள். பதில் தர அவகாசம் இருந்தால் அந்தத் தேதிக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். வீட்டுக்காரருக்கு மட்டும் கொடுத்துவிட்டு குடியிருப்பவர்களுக்குத் தெரிவிக்காமல் விட்டிருந்தால், நகல் கேட்டு மனு கொடுங்கள்.

உரிமையாளர் யார் என்பதே தெரியாத கட்டடங்கள்தான் அதிகக் கஷ்டம். தாத்தா பெயரில் பத்திரம், பேரப்பிள்ளைகள் ஏழு பேர், பாகப்பிரிவினை வழக்கு இருபது வருடமாக நடக்கிறது, யாரும் ஒரு செங்கல்லைக்கூட மாற்றுவதில்லை. இந்த மாதிரி இடத்தில் நோட்டீஸைக் கட்டடத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள். அவசர வேலையை உள்ளாட்சியே செய்து செலவைச் சொத்தின் மேல் வசூலிக்கும் வழியைக் கேளுங்கள். வழக்கு நடப்பது, தெருவில் போகிறவர் தலையில் சன்ஷேட் விழுவதற்குச் சாக்கு ஆகாது. கோயில் அல்லது அறக்கட்டளைச் சொத்து என்றால் செயல் அலுவலருக்கும் அறங்காவலருக்கும் நகல் அனுப்புங்கள்.

படி 6: காலி செய்வது

நான் சின்ன வயதில் இருந்தது ஒரு ஒண்டுக்குடித்தன வீடு. ஒரு ஐப்பசி மழையில் கூடத்துக் கூரையின் ஒரு மூலை இறங்கியது. எல்லோரும் சாமான் கட்டினோம். பின்கட்டில் இருந்த மாமி மட்டும் கிளம்பவில்லை. "போறேன், திரும்பி வர்றதுக்கு யார் காகிதம் தருவா?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அவர் இன்னும் பதினொரு மாதம் அந்தக் கூரைக்கு அடியில்தான் இருந்தார். இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கேள்விதான்.

இப்போது அதற்குப் பதில் உண்டு. 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ஷாஹா ரத்தன்சி கிம்ஜி வழக்கில் தெளிவாகச் சொன்னது: உள்ளாட்சி கட்டடத்தை இடித்துவிட்டது என்பதாலேயே வாடகைதாரரின் உரிமை அழிந்துபோகாது. குத்தகை சுவருக்கு மட்டும் இல்லை, அது நிற்கும் நிலத்துக்கும் சேர்த்துத்தான் என்பது அதன் அடிப்படை. அதே ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளின்படி, ஆபத்தான கட்டடத்தை இடிக்கும் முன் ஒவ்வொரு குடியிருப்பவரும் வைத்திருந்த பரப்பளவை மும்பை மாநகராட்சி அளந்து பதிவு செய்ய வேண்டும்.

உங்கள் ஊரில் அப்படி அளக்க யாரும் வராவிட்டால் நீங்களே அளந்துவிடுங்கள். அறைகளின் நீள அகலத்தோடு வரைபடம் போட்டு, வீட்டின் உள்ளே வெளியே வீடியோ எடுத்து, வாடகை ரசீது, இ.பி. பில், ரேஷன் அட்டை, எரிவாயு இணைப்பு, வாக்காளர் அட்டை நகல்களோடு ஒரு கோப்பாக்குங்கள். அதன் நகலை ஆணையருக்குக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். "பாதுகாப்புக்காக மட்டும் வெளியேறுகிறேன், என் வாடகை உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். வீட்டுக்காரர் ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டால் படிக்காமல் போடாதீர்கள். இதையெல்லாம் செய்ய ஒரு நாள் போதும். செய்துவிட்டால் அன்றே வெளியே வந்துவிடலாம்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல எண்ணத்தோடு இடித்துக் கட்ட நினைப்பவர், திரும்பி வரும் உரிமையையோ இழப்பீட்டையோ எழுத்தில் கொடுத்துவிட்டால் வேலை வேகமாக நடக்கும். தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டிக் காலி செய்ய வைப்பதைச் சட்டம் தடை செய்கிறது. அடுக்குமாடி உரிமையாளர்களுக்கு 2022-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மறுகட்டுமானத்துக்கு எல்லோருடைய சம்மதமும் தேவையில்லை, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். ஒரே ஒருவர் மறுப்பதால் மொத்தக் கட்டடமும் காத்திருந்த நிலை இதனால் மாறும்.

படி 7: அலுவலகம் அசையாவிட்டால்

பலர் அறியாத ஒரு வழி ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. ஒரு கட்டடமோ மரமோ விழுந்து அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ காயம் ஏற்படும் நிலையில் இருந்தால், அதை அகற்றவோ, பழுது பார்க்கவோ, முட்டுக் கொடுக்கவோ உரிமையாளருக்கு, நிர்வாக நடுவர் என்ற முறையில் கோட்டாட்சியர் நிபந்தனை உத்தரவு போடலாம். உத்தரவில் ஆட்சேபம் இருந்தால் உரிமையாளர் அவர் முன் வந்து காரணம் சொல்ல வேண்டும். முறைப்படி போட்ட அந்த உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. இரண்டு அலுவலகங்கள் மாறி மாறிக் கைகாட்டும்போது இது பயன்படும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே மனு கொடுக்கலாம்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: என் புகாரின் மேல் எந்தத் தேதியில் யார் ஆய்வு செய்தார், அறிக்கையின் நகல், நோட்டீஸ் கொடுத்திருந்தால் அதன் நகல். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்குப் பிறகும் ஒன்றும் நடக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அங்கே வழக்கறிஞர் முதலில் கேட்பது நீங்கள் படி 3-இல் வாங்கிய முத்திரையைத்தான்.

பள்ளிக் கட்டடம் என்றால் இவ்வளவு காத்திருக்க வேண்டாம். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்க அரசு உத்தரவிட்டது. பெற்றோர் தலைமையாசிரியருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் ஒரே நாளில் எழுதலாம்.

படி 8: இடிப்பு

இடிப்பதற்கும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளை முதலில் துண்டிக்க வேண்டும். தெருப்பக்கம் தகரத் தடுப்பும் வலையும் கட்ட வேண்டும். வேலை மேலிருந்து கீழாக நடக்க வேண்டும். கீழ்ச்சுவரைத் தட்டி மொத்தத்தையும் சாய்க்கும் குறுக்குவழியில் வேலையாட்கள்தான் முதலில் சாகிறார்கள். மேல்தளத்தில் இடிபாட்டைக் குவித்து வைத்தாலும் அந்தப் பாரத்தில் கீழ்த்தளம் உடையும். கவனக்குறைவாக இடித்து உயிருக்கு ஆபத்து ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 290-ஆம் பிரிவில் குற்றம். இடிபாட்டைக் கால்வாய் ஓரத்தில் கொட்டக் கூடாது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அவற்றை அரைத்து மறுபயன்பாட்டுக்கு ஆக்கும் ஆலைகள் உண்டு.

சௌகார்பேட்டை மாதிரி வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தெருவில் இன்னொரு சிக்கல் வரும். இடிக்கப்படும் வீட்டின் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர். பல வருடமாக ஒன்றை ஒன்று தாங்கி நின்றவை அவை. பக்கத்து வீட்டில் இருப்பவர் என்றால், வேலை தொடங்கும் முன்பே உங்கள் சுவரைப் படம் எடுத்து வைத்து, முட்டுக் கொடுக்கும் திட்டத்தை ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். இடித்து முடித்ததும் அதுவரை வெயில் மழை பார்க்காத உங்கள் பக்கவாட்டுச் சுவர் திறந்த வெளியில் நிற்கும். அதில் பூச்சு இருக்காது, பழைய உத்தரங்கள் இருந்த ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதாவது புரட்டாசி முடிவதற்குள், அந்த ஓட்டைகளை அடைத்துப் பூசித் தரச் சொல்லுங்கள். அந்தச் செலவு இடித்தவருடையது.